நாற்பதுக்குப் பிறகு அலைச்சறுக்கு: கற்பவருக்கும், கூட நிற்கும் நண்பருக்கும்

நாற்பது, ஐம்பது வயதில் சர்ஃபிங் கற்க வருகிறவர்களை முதலில் கைவிடுவது தோள்பட்டை. அடுத்தது இடுப்பு. இருபது வயதுப் பையன் விழுவான், எழுவான், மறுபடி பலகையில் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு போவான்; மதியம் வரை தாங்குவான். ஐம்பதில் ஒரு மணி நேரம்தான் உடம்பு ஒழுங்காக ஒத்துழைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பலகையில் எழுந்து நிற்க முயன்றீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கற்கும் வேகம் இருக்கும். அலை தெரிந்த நண்பர் ஒருவர் தண்ணீரில் கூட நின்றால் அந்த எண்ணிக்கை பல மடங்கு கூடும். துழாவும் உழைப்பில் பாதியை அவர் தள்ளல் மிச்சப்படுத்தும். கடலைப் பார்க்கும் வேலையை அவர் கண் பார்த்துக்கொள்ளும். ஆனால் நன்றாகச் சறுக்கத் தெரிந்த எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்துவிடாது. அதனால் இதில் நண்பருக்கும் தனியாக ஒரு பகுதி உண்டு.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் உடம்பு

நீச்சல் கட்டாயம். நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிய வேண்டும். கால் தரையில் படாத ஆழத்தில் 10 நிமிடம் பதற்றமில்லாமல் மிதக்க முடிய வேண்டும். பலகைதான் மிதக்கிறதே, பிடித்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். பலகையைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷ் அறுந்தால் பலகை அலையோடு கரைக்குப் போய்விடும். நீங்கள் மட்டும் தண்ணீரில் இருப்பீர்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஏற்கெனவே இடம் விலகிய தோள், முதுகுத் தட்டுப் பிதுக்கம், செவிப்பறையில் ஓட்டை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு இறங்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கத்தையும் குளிரால் வரும் நடுக்கத்தையும் தண்ணீருக்குள் பிரித்தறிய முடியாது. கரையில் இனிப்பு எதையாவது வைத்திருங்கள், அது எங்கே இருக்கிறது என்று நண்பருக்கும் தெரியட்டும். கழற்றி மாட்டும் பல்செட், மோதிரம், சங்கிலி எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். முகத்தில் ஒரு அலை அடித்தால் பல்செட் போனது போனதுதான். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் வரும் அலை தெரியாதவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் நண்பர் அதற்கேற்ப முன்கூட்டியே குரல் கொடுப்பார்.

முதுகு பற்றி ஒரு எச்சரிக்கை. பலகையில் குப்புறப் படுத்து முதுகை வெகுநேரம் பின்னால் வளைத்தே வைத்திருப்பதால் தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து கால்கள் செயலிழக்கும் ஒரு பாதிப்பு உண்டு. 2004இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. மிக அரிது, ஆனால் பெரும்பாலும் முதல் நாள் கற்பவர்களுக்கே வந்திருக்கிறது. எங்கும் மோதாமல், விழாமல் திடீரென்று முதுகு வலித்து, கால் மரத்துப்போனாலோ வலு இழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உடனே கரையேறி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று இருக்கக் கூடாது. இது வராமலிருக்க, அலைக்காகக் காத்திருக்கும்போது பலகையில் படுத்தே கிடக்காமல் இறங்கி நில்லுங்கள்.

பலகை

பெரியதாக எடுங்கள். நண்பரின் ஆறடிப் பலகை பார்க்க அழகாக இருக்கும், தூக்க லேசாக இருக்கும். அதில் ஐம்பது வயதில் தொடங்கினால் படுக்கவே முடியாது. மேல்பகுதி மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகைதான் வேண்டும். தலையில் பட்டாலும் காயம் குறைவு, மிதப்பும் அதிகம். 80 கிலோ எடைக்கு 9 அடி நீளம், 23 அங்குல அகலம், 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தடிமன், 85 முதல் 100 லிட்டர் கொள்ளளவு என்று பாருங்கள். 60 கிலோ என்றால் 8 அடி போதும். கணக்கு மறந்தால், லிட்டர் எண் உங்கள் கிலோ எண்ணைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று ஃபின்களும் வளையும் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

லீஷின் நீளம் பலகையின் நீளமே. 9 அடிப் பலகைக்கு 9 அடி லீஷ். குட்டையாக இருந்தால் விழுந்தவுடன் பலகை சுண்டி உங்கள் மேலேயே திரும்பி வரும். பின்னங்காலின் கணுக்காலில் கட்டி, கயிறு கிளம்பும் இடம் காலின் வெளிப்புறமாகப் பார்த்திருக்கும்படி வையுங்கள். உட்புறமாக இருந்தால் கால் சிக்கும். வெல்க்ரோவில் மணல் ஒட்டியிருந்தால் பிடிக்காது, அலசிவிட்டுக் கட்டுங்கள்.

எது பின்னங்கால்? நிமிர்ந்து நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நண்பர் பின்னாலிருந்து எதிர்பாராமல் லேசாகத் தள்ளட்டும். தடுமாற்றத்தில் எந்தக் கால் முன்னே போகிறதோ அது பெரும்பாலும் முன்னங்கால். இடது முன்னால் வருபவர் ரெகுலர், வலது முன்னால் வருபவர் கூஃபி. இரண்டும் சரிதான். கடலில் அசௌகரியமாக இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

நெஞ்சும் வயிறும் பலகையில் உரசிப் புண்ணாகும். அதனால் முழுக்கை ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) வேண்டும். தண்ணீர் குளிர்ந்த இடமென்றால் குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட். சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கு 3/2 மில்லிமீட்டர் தடிமன் (உடம்புப் பகுதியில் 3, கைகால்களில் 2) வழக்கம். மூக்கு, காது மடல், பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களில் துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டியான கிரீம் பூசுங்கள். முழங்காலின் பின்பக்கத்தை எல்லாரும் மறப்பார்கள். குப்புறப் படுத்திருக்கும்போது வெயில் அங்கேதான் விழும்.

வீட்டுத் தரையில் எழும்பப் பழகுதல்

கடலுக்குப் போவதற்கு நான்கு வாரம் முன்பே இதைத் தொடங்கினால், தண்ணீரில் செலவாகும் நாட்கள் வெகுவாகக் குறையும். தரையில் பலகையின் அகலத்துக்கு இரண்டு ஒட்டுநாடா, நடுவே நீளவாக்கில் ஒன்று. அதுதான் உங்கள் பலகை.

1. குப்புறப் படுங்கள். கால்கள் சேர்ந்திருக்கட்டும், பார்வை எதிர்ச் சுவரில்.

2. உள்ளங்கைகளைக் கீழ் விலா எலும்புக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். பலகையின் ஓரத்தைக் கையால் பற்றக் கூடாது; பற்றினால் ஒரு பக்கம் கூடுதலாக அழுந்தி, எழும்போதே பலகை சாயும்.

3. கையை நீட்டி நெஞ்சைத் தூக்குங்கள். புஜங்காசனம் மாதிரிதான், ஆனால் இங்கே இடுப்பும் தரையை விட்டு எழ வேண்டும்.

4. பின்னங்காலின் முழங்காலை வெளிப்பக்கமாக மடித்து, பாதத்தின் உள்விளிம்பை மற்ற முழங்காலுக்கு நேராக ஊன்றுங்கள். இப்போது இரண்டு கை, ஒரு பாதம் என்று மூன்று ஊன்றுகோல் இருக்கும்.

5. அந்தப் பாதத்தை அழுத்தி இடுப்பை உயர்த்தி, முன்னங்காலை இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். பாதம் நடுக்கோட்டின் மேல், ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும்.

6. கடைசியாகத்தான் கையை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் நிமிராதீர்கள். முழங்கால் மடங்கி, பின்பாதம் கோட்டுக்குக் குறுக்காக, இரு பாதங்களுக்கும் இடையே தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி.

இளைஞர்கள் இதை ஒரே துள்ளலில் செய்வார்கள். அதைப் பார்த்துச் செய்யப் போகாதீர்கள். படிப்படியாக எழுவது அரை நொடி தாமதம்தான். ஏற்கெனவே உடைந்து வெள்ளையாக வரும் நுரை அலையில் அந்த அரை நொடி ஒரு பொருட்டல்ல.

முன்னங்கால் கைகளுக்கு நடுவே வந்து சேராமல் பாதி வழியில் தட்டி நின்றுவிடுவதுதான் இந்த வயதில் பொதுவான சிக்கல். இடுப்பு இறுகியிருப்பது ஒரு காரணம், தொப்பை இன்னொரு காரணம். ஆனால் பல நேரம் ஐந்தாவது படியில் இடுப்பை உயர்த்தாததுதான் உண்மையான காரணம்: உடம்புக்கும் தரைக்கும் நடுவே கால் நுழைய இடமே இருக்காது. நண்பர் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் நீங்களே பார்த்துவிடலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் முஷ்டியை ஊன்றலாம். இடமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

முழங்கால் போட்டு எழுவது தவறு என்று சொல்பவர்கள் அநேகமாக இளைஞர்கள். முதல் சில நாட்கள் அப்படி எழுவதில் தப்பில்லை. பழக்கமாகிவிட்டால்தான் சிரமம்: செங்குத்தான அலையில் முழங்காலில் இருந்துகொண்டு பாதத்தை எடுத்துவைக்க நேரமும் இருக்காது, சமநிலையும் இருக்காது. அதோடு முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி வேறு.

நாளொன்றுக்கு 10 முறை வீதம் மூன்று சுற்று. மெதுவாக, நடுவில் ஓய்வெடுத்து. இதோடு தண்டால் (முழங்கால் ஊன்றியும் போடலாம்), ஆழமாகக் குந்தி எழுதல், ரப்பர் பட்டையைப் பிடித்து முழங்கையை விலாவோடு வைத்து முன்கையை வெளிப்பக்கம் இழுத்தல். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். துழாவும்போது தேய்ந்து வலிக்கும் தோள் தசைநாண்களைக் காப்பது அந்தச் சின்னப் பயிற்சிதான்.

எந்தக் கடல், எந்த நேரம்

இதை நண்பர் முடிவு செய்யட்டும். ஆனால் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மணல் தரை, மெதுவாகச் சரியும் கரை. பாறையும் பவளமும் வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகி, அலை நேராக மணலில் வந்து அறையும் இடம் கண்டிப்பாக வேண்டாம். கழுத்தெலும்பும் தோளும் முறிவது அங்கேதான். அலை பொதுவாகத் தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 60 சென்டிமீட்டர் அலை 80 சென்டிமீட்டர் ஆழத்தில் உடைகிறது என்றால், அதன் நுரை இடுப்புக்கும் கீழான தண்ணீரில் உங்களிடம் வரும். கற்க அதுவே அளவு. முழங்கால் முதல் இடுப்பு உயரம்; அதற்கு மேல் இருந்தால் அன்று கரையில் உட்கார்ந்து பார்ப்பதே பாடம்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகளையும் பாருங்கள். அதே 60 சென்டிமீட்டர், 8 நொடி இடைவெளியில் வந்தால் சாது. 15 நொடியில் வந்தால் கரைக்கு வரும்போது உயர்ந்து, மிகுந்த வலுவோடு உடையும். நீண்ட இடைவெளி அலையின் ஆற்றல் ஆழத்தில் நிறைந்திருப்பதே காரணம்.

காற்று கரையிலிருந்து கடலுக்கு லேசாக வீசினால் அலை ஒழுங்காக இருக்கும். விடிகாலையில் பல இடங்களில் அப்படித்தான் வீசும். வெயில் ஏற ஏறக் காற்று கடலிலிருந்து திரும்பி, அலையைக் கலைத்துவிடும். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான மணற்கரைகளில் நடு மட்டத்திலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் புதியவர்களுக்கு ஏற்றது. மிகவும் வற்றியிருந்தால் அலை முழு நீளத்துக்கும் ஒரே அடியாக விழும். நிரம்பியிருந்தால் கரையோரம் வரை உடையாமல் வந்து கடைசியில் அறையும்.

வந்தவுடன் இறங்காமல் 15 நிமிடம் கரையில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும். நடுவில் அமைதி இருக்கும். அந்த அமைதியை மட்டும் பார்த்து இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அதே நேரத்தில் இழுவை நீரோட்டத்தையும் தேடுங்கள்: இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் உடையாமல் கருத்து, மேற்பரப்பு கலங்கி, நுரையும் மணலும் கடல்பக்கம் போய்க்கொண்டிருக்கும் பாதை. புதியவர் கண்ணுக்கு அதுதான் ஆபத்தில்லாத இடம் போலத் தெரியும். உள்ளே சிக்கினால் பலகையை விடாமல் அதன் மேல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அதோடு கரை சேருங்கள். எதிர்த்துத் துழாவிக் களைத்துப்போவதே மூழ்குவதற்குக் காரணமாகிறது. முடியவில்லையென்றால் பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு கையைத் தூக்கி அசையுங்கள்.

தண்ணீரில்: படுத்தே போகும் முதல் அலைகள்

கரையில் 10 நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள்: தோள் சுழற்றல், இடுப்பு திருப்பல், கணுக்கால், கழுத்து. பிறகு இடுப்பளவுத் தண்ணீர் வரை பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடங்கள். பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, கடலைப் பார்த்திருக்க வேண்டும். பலகை உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காக ஒருபோதும் வரக் கூடாது. வந்தால் அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலுக்குள் திருக்கை கிடந்தாலும் விலகிப் போய்விடும்.

படுக்கும் இடம் முக்கியம். அமைதியான தண்ணீரில் படுத்து, பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் நிற்கும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். அது கிடைத்ததும், உங்கள் நெஞ்சு எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே பலகையில் வேக்ஸால் (வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகு) ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டில்தான் படுக்க வேண்டும். நான்கு விரல் முன்னால் போனால் மூக்கு குத்தும், நான்கு விரல் பின்னால் போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போகும்.

முதல் ஏழெட்டு அலைகளில் எழவே முயலாதீர்கள். படுத்தபடியே கரை வரை போங்கள். பலகை கிளம்பும் வேகம், வால் (பின்நுனி) தூக்கப்படும் உணர்வு, இடுப்பை லேசாகச் சாய்த்தால் எந்தப் பக்கம் திரும்புகிறது, பின்னால் நகர்ந்தால் எப்படி வேகம் குறைகிறது என்பதெல்லாம் அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். அடுத்த சில அலைகளில் மூன்றாவது படி மட்டும்: கை ஊன்றி நெஞ்சைத் தூக்கி, அப்படியே கரை வரை. அது ஆடாமல் வந்த பிறகு முழுவதும் எழுங்கள்.

எழும் கணம் எது? நுரை வாலில் பட்டதும் பலகை முதலில் ஒரு குலுங்கு குலுங்கும். அப்போது எழுந்தால் விழுவீர்கள். குலுக்கல் அடங்கிப் பலகை வழுக்க ஆரம்பித்ததும், முகத்தில் காற்றுப் படுவது தெரியும். அந்த நொடியில்தான் கையை ஊன்ற வேண்டும்.

நண்பருக்கு

உங்கள் வேலை இரண்டு: அலையைத் தேர்ந்தெடுப்பது, சரியாகத் தள்ளுவது. இன்றைக்கு நீங்கள் சறுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். நடுநடுவே ‘ஒரே ஒரு அலை’ என்று போய்விடும் நண்பரோடு வருவதைவிட, காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் போவது மேல்.

கற்பவர் கரையைப் பார்த்துப் படுத்திருக்கட்டும், நீங்கள் கடலைப் பாருங்கள். அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பலகையும் திரும்பும், கழுத்தும் பிடித்துக்கொள்ளும். வாலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு கை வாலின் நுனியில், இன்னொரு கை அவர் முழங்காலுக்கு நேராகப் பலகையின் ஓரத்தில். மூக்கு கரைக்கு நேராக இருக்க வேண்டும். பத்து டிகிரி கோணினாலும் நுரை ஒரு ஓரத்தைப் பிடித்துப் புரட்டிவிடும்.

நுரை இரண்டு, மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும்போது ‘துழாவு’ என்று சொல்லுங்கள். அவர் மூன்று, நான்கு முறை துழாவட்டும். தேவையில்லாவிட்டாலும் பழக்கம் வர வேண்டும். நுரை வாலைத் தொடும் கணத்தில் அலையின் வேகத்துக்குக் கிடைமட்டமாக முன்னால் தள்ளி, கையை முழுவதும் எடுத்துவிடுங்கள். தூக்கித் தள்ளினால் மூக்கு குத்தும். அழுத்தித் தள்ளினால் வேகமே வராது. கையை எடுக்கத் தாமதித்தால் வால் இழுபட்டுப் பலகை கோணும். பலகை வழுக்கியதும் ‘எழு’. அவ்வளவுதான், இரண்டு சொல். பின்னால் நின்று ‘முழங்காலை மடக்கு, முன்னால் பாரு, கையை நீட்டு’ என்று கத்தினால் காற்றிலும் இரைச்சலிலும் ஒன்றும் கேட்காது; கேட்டாலும் அவர் குழம்பித்தான் போவார்.

திருத்தம் சொல்வது அவர் நடந்து திரும்பி வந்த பிறகு. ஒரு அலைக்கு ஒரே ஒரு திருத்தம். பாதம் தப்பான இடத்தில் இருந்தது, தலை குனிந்தது, சீக்கிரம் எழுந்தார் என்று மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; முதலில் நடந்த தப்பை மட்டும் சொல்லுங்கள். மற்ற இரண்டும் அதனால் வந்ததாகவே இருக்கும்.

அவர் களைப்பை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நெஞ்சைத் தூக்கும் உயரம் குறைவது, திரும்பி நடக்கையில் பலகையின் மேல் சாய்ந்து நிற்பது, கேள்விக்குப் பதில் தாமதமாக வருவது. இவை தெரிந்தால் ‘போதும், இதைப் படுத்தே கரைக்கு விடு’ என்று சொல்லிவிடுங்கள். ‘கடைசியாக ஒன்று’ என்று அவர் கேட்பார். கொடுக்காதீர்கள், அடிபடுவது அதில்தான்.

எங்கே பிசகுகிறது

மூக்கு குத்திக் கவிழ்வது. படுத்த இடம் முன்னால் போனதால் என்று எல்லாரும் சொல்வார்கள். சில நேரம் அதுதான். ஆனால் படுத்த இடம் கோட்டில் சரியாக இருந்தும் குத்துகிறது என்றால், எழும்போது கையைத் தோளுக்கு முன்னால் ஊன்றுகிறீர்கள். முழு எடையும் மூக்குப் பக்கம் போகிறது. கையை விலாவுக்குக் கொண்டுவாருங்கள்.

பலகை நின்றுவிடுவது. எழுந்தவுடன் வேகம் குறைந்து, நுரை முன்னால் போய்விடும். பின்னங்காலில் சாய்ந்து நிற்பதன் விளைவு. பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். முன்னங்காலின் முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கினாலே எடை முன்னால் வரும்.

பக்கவாட்டில் விழுவது. பாதங்கள் நடுக்கோட்டில் இல்லை. எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்று நண்பர் நான்கைந்து அலைக்கு எண்ணிச் சொல்லட்டும். எப்போதும் ஒரே பக்கம் என்றால் பாதத்தின் இடம்; இரண்டு பக்கமும் என்றால் முழங்கால் விறைத்திருக்கிறது.

குனிந்து நிற்பது. முழங்காலை மடக்கச் சொன்னால் நாற்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இடுப்பை மடக்குவார்கள். தலை முன்னால் போய், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் சின்ன ஆட்டத்தைக்கூடக் கால்கள் வாங்கிக்கொள்ளாது. நெஞ்சு நிமிர்ந்திருக்க, பின்முழங்கால் உட்பக்கம் சாய்ந்திருக்க, உட்காரப்போவது போல் இறங்க வேண்டும்.

காலைப் பார்ப்பது. கண் போகும் இடத்துக்குத் தலை போகும், தலையின் எடை உடம்பை இழுக்கும். கரையில் ஒரு மரத்தையோ கொடியையோ குறித்துக்கொண்டு அதையே பாருங்கள்.

விழும் விதம்

விழத் தெரியாதவர் பயந்துகொண்டே நிற்பார். அதனால் முதல் நாளே வேண்டுமென்றே சில தடவை விழுந்து பழகுங்கள். பலகையின் பக்கவாட்டிலோ பின்னாலோ, முதுகோ பின்பக்கமோ முதலில் படும்படி, கைகால் விரித்துத் தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது கூடாது; தண்ணீர் இடுப்பளவுதான், கழுத்து முறியும். காலை ஊன்றிக் குதிப்பதும் வேண்டாம், கணுக்கால் பிசகும். பலகைக்கு முன்னால் விழுந்தால் அது உங்கள் மேல் ஏறும்.

தண்ணீருக்குள் போனதும் இரு முன்கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நொடி பொறுத்து, அப்படியே மூடியபடி மேலே வாருங்கள். பலகை பெரும்பாலும் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும். வந்தவுடன் முதலில் கடலைப் பாருங்கள், பிறகு பலகையைத் தேடுங்கள். லீஷை இழுக்கும்போது விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள்; அடுத்த அலை பலகையைச் சுண்டினால் விரல் போய்விடும்.

நுரையிலிருந்து உடையாத அலைக்கு

நுரை அலையில் பத்துக்கு ஏழு தடவை எழுந்து கரை வரை நின்று வர முடிந்தால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதற்கு முன் போனால் தோள் வலியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. முதலில் நண்பர் நுரையில் தள்ளுவதை நிறுத்தட்டும். நீங்களே துழாவிப் பிடியுங்கள். பிறகு உடைகிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே போய், நண்பர் தன் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது வேண்டாம், அடுத்தது’ என்று சொல்ல, முழுதாக உடையாத சிறிய அலைகளில் பழகுங்கள். இங்கே மூச்சைப் பிடித்துத் துழாவுவதைவிட நிற்கும் இடம் முக்கியம். வால் தூக்கிக்கொண்ட பிறகும் இரண்டு முறை கூடுதலாகத் துழாவுங்கள். புதியவர்களுக்கு நழுவிப்போகும் அலைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு துழாவலில்தான் நழுவுகின்றன.

வெளியே போகும்போது எதிரே நுரை வந்தால் பெரிய பலகையோடு அடியில் மூழ்க முடியாது. ஓரங்களைப் பிடித்துக்கொண்டு பலகையோடு தலைகீழாகப் புரண்டு, மூக்கைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்து, அலை மேலே கடந்ததும் திரும்பப் புரளுங்கள். அமைதியான தண்ணீரில் முதலில் பழக வேண்டிய விஷயம் இது. பலகையை விட்டுவிட்டுத் தப்பிப்பது மட்டும் கூடவே கூடாது. பின்னால் வருபவர் மேல் 9 அடிப் பலகை போய் விழும்.

இங்கே வழக்கங்களும் உண்டு. அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை; அவர் எழுந்துவிட்டால் குறுக்கே இறங்கக் கூடாது. வெளியே போகிறவர் சறுக்கி வருபவரின் பாதையைச் சுற்றிப் போக வேண்டும். சுற்ற வழியில்லையென்றால் அவருக்குப் பின்னால், நுரைப் பக்கமாகப் போங்கள். தப்பு நடந்தால் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த சில அலைகளை மற்றவர்களுக்கு விடுங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு நேரம்

தண்ணீரில் 60 முதல் 90 நிமிடம். முதல் வாரங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தொடர்ந்து மூன்று நாள் போவதைவிட இடைவெளி விட்டுப் போகும் மூன்று நாள் பலன் தரும். தசை வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் அடங்கும். விலா எலும்பில் பலகை அழுத்திய வலியும் அப்படியே. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினாலோ, இரவு அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போனாலோ அது தசை வலி இல்லை, தசைநாண் பிரச்சினையாக இருக்கலாம். இரண்டு வாரம் துழாவுவதை நிறுத்துங்கள், குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இரண்டு வாரமும் தரையில் ஒட்டுநாடாவுக்குள் காலை எடுத்துவைக்கும் பயிற்சியைத் தொடரலாம். கையை ஊன்றும்போது வலித்தால் மட்டும் அதையும் நிறுத்திவிட்டு, குந்தி எழுவதோடு இருந்துகொள்ளுங்கள்.